தாழ மாட்டிய கழுதை

மாலைக் கதிரவன் மாடங்களின் மேல் மஞ்சள் பூசி, பாலத்தின் மேல் ஊர்ந்த வண்டிகளின் கண்ணாடிகளில் மின்னி, அங்காடித் தெருவின் இரைச்சலைக் கடந்து, புதிதாய் வெள்ளையடித்து நின்ற ஓவியக் காட்சியகத்தின் வாயிற்படியில் வந்து ஓய்ந்தது. நூல் வணிகர் ஒருவர் வாழ்நாளெல்லாம் தேடித் தேடிச் சேர்த்த ஓவியங்களை, அவர் மறைந்தபின் அவர் மனைவி ஊருக்கே கொடுத்துவிட, அவர்கள் குடியிருந்த வீட்டை நடுவில் வைத்துச் சுற்றிலும் கூடங்கள் எழுப்பியிருந்தார்கள். மறுநாள் காலை திறப்பு விழா.

படிப்போரே, அங்கிருந்த காப்பாட்சியர் கற்றவர், உழைப்பாளி, குறை சொல்ல முடியாதவர். அதுதான் அவரிடம் இருந்த குறை. வணிகர் படங்களையெல்லாம் இடுப்பளவில் மாட்டி வைத்திருந்ததைக் கண்டு, 'வாங்கத் தெரிந்தவருக்கு மாட்டத் தெரியவில்லையே' என்று நகைத்து, அத்தனையையும் கண்ணும் கருத்துமாய்த் துடைத்து, நின்று பார்ப்பவர் கண்ணுக்கு நேராக உயர்த்தி, மேலே விளக்குகளும் பொருத்தினார். வணிகரின் மனைவி கால் வழங்காமல் பல்லாண்டாய்ச் சக்கர நாற்காலியில் இருப்பவர் என்பதும் அவருக்குத் தெரியும். தெரிந்தும் இரண்டையும் சேர்த்து எண்ணிப் பார்க்கவில்லை.

அன்று மாலை அந்த அம்மையார் வந்தார். காப்பாட்சியரே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு, கூடம் கூடமாய்ப் பெருமை பொங்க விளக்கிக்கொண்டே போக, அம்மையார் கழுத்து நோக அண்ணாந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, தாம் முன்பு படுத்திருந்த அறைக்கு வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

"எல்லாம் நல்லா இருக்கு தம்பி. ஆனா எனக்கு ஒண்ணுமே தெரியலையே."

"கண்ணுல ஏதாவது கோளாறாம்மா?"

"கண்ணு நல்லாத்தான் இருக்கு. நீ கொஞ்சம் குந்திப் பாரு."

குந்திப் பார்த்தார். சட்டத்துக் கண்ணாடியில் விளக்கொளிதான் வெள்ளையாய்ப் பளிச்சிட்டதே தவிர, படம் ஒன்றும் தெரியவில்லை. வணிகர் எவர் கண்ணுக்காக அவற்றைத் தாழ மாட்டினார் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது; வெட்கத்தால் முகம் கறுத்தது.

"விடியறதுக்குள்ள எல்லாத்தையும் இறக்கிடறேம்மா."

"வேண்டாம்ப்பா. ஊருக்குன்னு குடுத்தாச்சு. ஊரு நின்னுதானே பாக்கும்? ஒண்ணே ஒண்ணை மட்டும் இறக்கிக் குடு. அந்தக் கழுதைப் படம்."

மழையில் நனைந்து நிற்கும் கழுதை அது. அத்தனை ஓவியங்களிலும் மட்டமானது.

"அதுவாம்மா? அதைவிட நல்லதெல்லாம் எவ்வளவோ இருக்கே!"

"எனக்கும் அதைக் கண்டாலே ஆகாது. கட்டிலுக்கு எதிர்லயே வேணும்னே மாட்டினாரு. காலையில கண்ணு முழிச்சதும் அதைத்தான் திட்டுவேன். 'உன் தோழிகிட்ட சண்டை ஆரம்பிச்சாச்சா'ன்னு சிரிச்சுக்கிட்டே காப்பி கொண்டு வருவாரு. மத்ததெல்லாம் அவர் வாங்கின படம், தம்பி. இதுதான் எங்க வீடு."

காப்பாட்சியர் ஆளைக் கூப்பிடவில்லை. தாமே சுத்தியலை எடுத்து, தரையில் மண்டியிட்டு, நாற்காலியின் உயரத்துக்கு ஆணி அடித்து, படத்தை மாட்டி, மேலிருந்த விளக்கை அணைத்தார். அம்மையார் நெடுநேரம் பார்த்தார்.

"மூஞ்சியைப் பாரு மூஞ்சியை!" என்று வைதார். வைதுவிட்டுப் பழக்கத்தால் வாயிற்பக்கம் திரும்பினார். அங்கே எவரும் இல்லை. அதன்பின்தான் அழுதார்.

மறுநாள் திரண்ட கூட்டத்தில் பலர், மாட்டியவன் கணக்குத் தப்பிவிட்டான் என்று நகைத்துக் கடந்தார்கள். சிலர் மட்டும் குனிந்து பார்த்தார்கள். அன்புக்கும் ஓர் உயரம் உண்டு. அது அன்பு செய்பவர் நிற்கும் உயரம் அன்று, அன்பைப் பெறுபவர் அமர்ந்திருக்கும் உயரம்.