பதினாலாந்தேதி மழை

எங்க எஸ்டேட் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்து ஒரு வருசம் ஆச்சு. அதுக்குப் புரோகிராம் எழுதினது சேலத்துக்காரர் சேகர். பேஞ்ச மழையைப் போட்டா, காப்பிச் செடிக்கு என்னைக்கு மருந்தடிக்கணும்னு அது சொல்லும். மழையளக்கிற வேலை என்னுது. முட்டி ரெண்டும் போய் மேடேறிப் பழம் பறிக்க முடியாத எனக்கு மேனேஜர் கொடுத்தது. இது போச்சுன்னா மறுபடி மேடுதான்.

வெள்ளிக்கிழமை காலையில ஆபீசைக் கூட்டிக்கிட்டிருந்தேன். போன் லைன்ல கம்ப்யூட்டருக்கு வந்த கடுதாசியைப் படிச்சுட்டு சேகர் மேசையில குத்தினார்.

"பாருங்க பாப்பாத்தியக்கா! என்னை விரல் விட்டு எண்ணக் கத்துக்கிட்டு வரச் சொல்றான்!"

மஞ்சக்குட்டைப் பக்கம் இன்னொரு எஸ்டேட்டுக்குப் பெங்களூர்க்காரர் ஒருத்தர் இதே மாதிரி புரோகிராம் எழுதியிருந்தார். அது தேதியை ஒரு நாள் தள்ளிக் காட்டுதுன்னு, புரோகிராம்காரங்க பேசிக்கிற இன்டர்நெட் குழுவுல சேகர் போட்டுட்டார். ஒரே மழைதான். எங்ககிட்ட பதினாலாந்தேதி, அவங்ககிட்ட பதினஞ்சு. தப்பு உன்னுதுன்னு அவர், இல்லை உன்னுதுன்னு இவர். மூணு நாள்ல நாப்பது கடுதாசி. அமெரிக்காவுல இருந்தெல்லாம் திட்டு.

"என் புரோகிராம் தப்புன்னா தொழிலையே உட்டுர்றேன்னு எழுதிட்டனுங்க," என்றார். முகம் வெளிறியிருந்தது.

மேனேஜர் உள்ளே வந்தார். "எவன் தப்பு பண்ணினான்னு இன்னைக்குத் தெரிஞ்சாகணும். அவனுக்கு இங்க வேலையில்லை."

சேகர் என் மழை நோட்டைப் பிரிச்சார். "ஏனுங்கக்கா, பதினாலாந்தேதி மழையை எப்ப அளந்தீங்க?"

மழை பேஞ்சது பதினாலு சாயங்காலம். நான் அளந்தது மறுநாள் காலையில எட்டு மணிக்கு. பதினாலுன்னு ஒரு பொய் சொன்னா என் வேலை நிலைக்கும், பழி பெங்களூர்க்காரர் மேல போயிரும். ரெண்டு பேரும் என் வாயையே பார்த்தாங்க.

"பதினஞ்சாந்தேதி காலையிலதான் சாமி. பேஞ்ச நாளுக்குத்தானே எழுதணும்? புள்ளை பொறந்தா பொறந்த நாளைத்தானே சொல்றோம், பார்க்கப் போன நாளையா?"

சேகர் நாற்காலியில சாஞ்சார். "அந்த எஸ்டேட்ல அளந்த நாளை எழுதியிருக்காங்க, நீங்க பேஞ்ச நாளை. புரோகிராம் ரெண்டும் சரிதானுங்க!"

"அப்ப தப்பு இவளுது," என்றார் மேனேஜர்.

விளக்கமாத்தைச் சுவத்துல சாத்தினேன்.

"இருங்க சார்," என்ற சேகர், நான் சொன்னதை அப்படியே குழுவுக்கு எழுதினார். மத்தியானத்துக்குள்ள பதினேழு பதில். பாதிப்பேர் பேஞ்ச நாள்தான் சரின்னாங்க, பாதிப்பேர் அளந்த நாள்தான்னாங்க. பெங்களூர்க்காரரை அவர் ஆளுங்களே திட்ட ஆரம்பிச்சாங்க.

மேனேஜர் எல்லாத்தையும் படிச்சுட்டுத் தலையைச் சொறிஞ்சார். "படிச்சவனுங்களுக்கே தெரியலை. அவனுங்க ஒரு முடிவுக்கு வரட்டும். அதுவரைக்கும் நீயே அளந்துட்டிரு."

மூணு மாசம் ஆச்சு. தினம் மழையளந்துட்டு ஆபீசுக்குப் போனதும் முதல்ல கேக்கிறது இதைத்தான்:

"சண்டை ஓஞ்சுருச்சா சாமி?"

"இல்லீங்கக்கா, இன்னைக்கு நொம்ப மோசம்."

நிம்மதியா விளக்கமாத்தை எடுத்துக்குவேன்.