நூற்றுக்கு ஐந்து

செண்பகனூரில் பன்னிரண்டு வருஷமாகக் கணக்கு டியூஷன் எடுத்துவந்த சண்முகசுந்தரிக்குத் தன்னைப் பற்றி ஓர் அபிப்பிராயம் இருந்தது. நல்ல அபிப்பிராயம்தான். பத்தாம் வகுப்புக் கணக்கில் தனக்கு வராதது என்று ஒன்று இந்த மலையிலேயே கிடையாது என்பது அதன் சாரம். இப்போது அதை நினைத்தால் அவளுக்கே சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

மகள் சுசித்ரா பத்தாவது படித்தாள். அவள் பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் கணித ஒலிம்பியாட் பற்றி ஒரு அறிவிப்பு வந்தது. முதல் சுற்றில் தேறினால் மண்டலச் சுற்று, அதற்கு மேல் தேசியச் சுற்று, பிறகு பயிற்சி முகாம், கடைசியில் நாட்டுக்காக ஆறு பேர் வெளிநாடு போவார்கள். சண்முகசுந்தரி அதை மூன்று முறை படித்தாள். ஆறு பேரில் ஐந்து பேர் யாராக வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று பெருந்தன்மையாக நினைத்துக்கொண்டாள். அந்த வாரமே மகளுக்குப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தாள்.

"பரிட்சையே எழுதல, அதுக்குள்ள பாஸ்போர்ட்டா?" என்றான் கணவன் சிவமுருகன். டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறவன்.

"கடைசி நேரத்துல அலைய முடியாதுங்க. எனக்கு வேற சோலி இல்லையா?"

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் தேர்வு. சீசன் சவாரி இருந்ததால் சிவமுருகன் வரவில்லை. அம்மாவும் மகளும் வெள்ளனே கிளம்பி முதல் பஸ்ஸைப் பிடித்தார்கள். மலைப்பாதையில் டம் டம் பாறை வளைவைத் தாண்டுவதற்குள் சுசித்ரா இரண்டு முறை வாந்தி எடுத்தாள். அவள் முதுகைத் தடவிக்கொண்டே சண்முகசுந்தரி இருபடிச் சமன்பாட்டின் சூத்திரத்தைச் சொல்லச் சொன்னாள்.

பிள்ளைகள் உள்ளே போனதும் பெற்றோர்கள் மரத்தடியில் உட்கார்ந்தார்கள். பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருந்த ஜெயமுருகன் என்பவர் தன் மகனுக்காக வந்திருந்தார். இது என்ன பரீட்சை என்றுகூட அவருக்குச் சரியாகத் தெரியவில்லை.

"பையன் ஃபீஸ் கட்டுன்னான், கட்டுனேங்க. இதுல பாஸானா என்ன குடுப்பாங்க?"

சண்முகசுந்தரி விளக்கினாள். மண்டலம், தேசியம், முகாம், வெளிநாடு. எல்லாச் சுற்றிலும் தானே எழுதித் தேறி வந்தவளைப்போல விளக்கினாள். கேட்பதற்கு இன்னும் நாலு பேர் கூடிவிட்டார்கள். அவளுக்குக் குரல் ஏறியது. "எல்லாம் பேசிக்ஸ்தாங்க. அடிப்படை ஸ்ட்ராங்கா இருந்தா ஊதித் தள்ளிரலாம்" என்றாள்.

மூன்று மணி நேரம் கழித்து வெளியே வந்த சுசித்ரா, "பசிக்குதும்மா" என்று மட்டும் சொன்னாள்.

முடிவு வந்தது. நூற்றுக்குப் பதின்மூன்று. அதே வாரத்தில் பாஸ்போர்ட்டும் வந்தது.

"பதிமூணா! ஏண்டி, என் டியூஷன்ல கடைசி பெஞ்சுல ஒண்ணு தூங்கிக்கிட்டே கெடக்கு, அதுகூட நாப்பது வாங்கும்டி!"

சுசித்ரா அழவில்லை, கோபப்படவும் இல்லை. வினாத்தாளை எடுத்து மேசைமேல் வைத்தாள். "நீ ஒரு தடவ எழுதிப் பாரும்மா."

மறுத்திருக்கலாம். அடுப்பில் குழம்பு இருக்கிறது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் சண்முகசுந்தரி முந்தானையைச் செருகிக்கொண்டு, "எடுடி பேனாவ" என்றாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தேர்வு ஆரம்பமாயிற்று. சிவமுருகன் அவளுடைய போனை வாங்கி வைத்துக்கொண்டான். சுசித்ரா எதிரில் நாற்காலி போட்டுக் கண்காணிப்பாளராக உட்கார்ந்தாள். முப்பது கேள்விகள். எதற்கும் நான்கு விடைகள் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லவில்லை. விடையாக ஒரு எண்ணைத்தான் எழுத வேண்டும். முதல் கேள்வி சுலபமாகத் தெரிந்தது. ஒன்று முதல் நூறு வரையுள்ள எண்களில், ஒற்றைப்படை எண்ணிக்கையில் வகுத்திகள் கொண்டவை எத்தனை?

ஒவ்வொரு எண்ணாக எடுத்து அதை எவையெல்லாம் மீதியில்லாமல் வகுக்கும் என்று எழுத ஆரம்பித்தாள். நாற்பதை எட்டும்போது முக்கால் மணி நேரம் போயிருந்தது. ஆறு எண்கள் கிடைத்திருந்தன. நாற்பதுக்கு ஆறு என்றால் நூற்றுக்கு எத்தனை என்று விகிதம் போட்டு, பதினைந்து என்று எழுதினாள். எழுதும்போதே கூசியது. தக்காளி விலை பார்க்கிற வழியில் ஒலிம்பியாட் கணக்கைப் போட்டிருந்தாள்.

இரண்டு முறை தண்ணீர் குடித்தாள். மூன்று முறை பாத்ரூம் போனாள். "மிஸ், ஜன்னல் பக்கம் பாக்காதீங்க" என்றாள் கண்காணிப்பாளர். கடைசிப் பத்து நிமிஷத்தில் கைக்கு வந்த எண்களையெல்லாம் எழுதினாள். வீட்டுக் கதவு இலக்கத்தைக்கூட விடவில்லை.

சுசித்ரா திருத்தினாள். நூற்றுக்கு ஐந்து. அதில் மூன்று மதிப்பெண் கதவு இலக்கம் வாங்கிக் கொடுத்தது.

சிவமுருகன்தான் முதலில் தாங்க முடியாமல் வாசலுக்குப் போய்ச் சிரித்தான். பிறகு சுசித்ரா. கடைசியாகச் சண்முகசுந்தரியும் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரைக்கும் சிரித்தாள். அந்தத் தண்ணீரில் கொஞ்சம் சிரிப்பினால் வந்ததல்ல. விடை தெரியாத ஒரு கணக்கைத் தன் வாழ்நாளில் தொட்டதே இல்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பன்னிரண்டு வருஷமாக அவள் போட்டதெல்லாம் கைடில் பின்பக்கம் விடை இருந்த கணக்குகள்.

"இந்த முதல் கணக்கு நீ எப்படிடி போட்ட?"

"வகுத்திங்க ஜோடி ஜோடியா வரும்மா. பன்னெண்டுன்னா ஒண்ணும் பன்னெண்டும், ரெண்டும் ஆறும், மூணும் நாலும். ஜோடியா வந்தா ரெட்டப்படைதானே? பதினாறப் பாரு. ஒண்ணு, பதினாறு. ரெண்டு, எட்டு. அப்புறம் நாலு. நாலுக்கு ஜோடி நாலேதான்."

"அப்ப வர்க்க எண்ணு மட்டுந்தான்..."

"ஆமா. நூறு வரைக்கும் பத்து இருக்கு. அவ்வளவுதான்."

சண்முகசுந்தரி அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். மார்பில் ஏதோ லேசாகத் திறந்துகொண்டதுபோல இருந்தது. இவ்வளவு அழகான ஒன்றைப் பார்க்காமல், பாஸ்போர்ட் ஆபீஸில் வரிசையில் நின்றிருக்கிறாள்.

திங்கட்கிழமை டியூஷனில் அந்தக் கணக்கைப் போர்டில் எழுதினாள். "மிஸ், இது எத்தன மார்க்கு?" என்று கேட்டான் கடைசி பெஞ்சு அஜய்.

"எனக்கு சைபர் வந்துச்சு. நீ எத்தன வாங்குறேன்னு பாப்போம்" என்றாள்.

அடுத்த வருஷம் சுசித்ரா மறுபடி எழுதினாள். வீட்டில் அம்மாவும் எழுதிப் பார்த்தாள். அம்மாவுக்குப் பதினொன்று, அதை அவள் தெருவில் நாலு பேரிடம் சொன்னாள். மகள் முதல் சுற்றைத் தாண்டி மண்டலச் சுற்றுக்குப் போனாள். அங்கே ஆறே கணக்குகள், ஒவ்வொன்றுக்கும் முழுக் காரணமும் எழுத வேண்டும். அந்தச் சுற்றின் முடிவு வந்த அன்று பட்டியலில் சுசித்ராவின் பெயர் இல்லை.

இந்தத் தடவை அவள் அழுதாள். போர்வையை இழுத்து மூடிக்கொண்டு மத்தியானம் வரைக்கும் எழுந்திருக்கவில்லை. சண்முகசுந்தரிக்குப் பேசிக்ஸ் என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிவிட்டாள். டீ போட்டு எடுத்துப்போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"ஏய், அந்த ஆறு கணக்குல நாலாவதுல என்னதாண்டி கேட்டிருந்தான்?"

போர்வைக்குள்ளிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு கை வெளியே நீண்டது.

"பென்சில் குடு."