பாதி மூடிய வால்வு

கொழிஞ்சாம்பாறையில் மருதாத்தாளின் போர்வெல் அரை மணி நேரத்திலேயே காற்றைத் துப்பியது. கரண்ட் இருக்கும்போதே முழு வேகத்தில் இறைத்துவிடுவதுதான் அந்தப் பக்கத்து வழக்கம். தண்ணீர் எட்டாமல் தென்னைகள் வாடிக்கொண்டிருந்தன.

எண்ணெய்க் கிணறுகளில் இன்ஜினீயரான மகள் கிருத்திகா, விடுப்பில் வந்தவள், வால்வைப் பாதி மூடினாள்.

“ஏங்கண்ணு, வர்ற தண்ணியவும் அடைக்கிறயே! இதுக்குத்தான் அத்தனை படிச்சயா?”

“பாறைக்குள்ள பொடிப்பொடி ஓட்டை வழியாத்தான் தண்ணி கசிஞ்சு வருமுங்கம்மா. அவசரமா உறிஞ்சுனா அதால குடுக்க முடியாது. எண்ணெய்க் கிணத்துலயும் இதே கதைதானுங்க.”

காலை எட்டு மணிக்கு மோட்டாரைப் போட்டார்கள். நீர் விரல் தடிமனில்தான் வந்தது. மருதாத்தாள் முணுமுணுத்துக்கொண்டே அடிக்கடி வந்து பார்த்தாள். மாலை நாலு மணிக்கும் அது நிற்கவில்லை. கடைசி வரிசை வரை மண் நனைந்திருந்தது.

மருதாத்தாள் வரப்பில் நின்று தோட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள்.

“கண்ணு, அந்த மூலைல இன்னும் நாலு தென்னம்புள்ள வெக்கலாமா?”