ஒழிப்பிக்கும்

தம்பானூர் ரயில் நிலையத்துக்கு எதிரே, சுவாமிதாஸின் சாயாக்கடையில் பத்தொன்பது வருடமாகச் சாயா ஆற்றும் சொரிமுத்துவுக்கு மலையாளம் தெரியும். எவ்வளவு தெரியும் என்றால், ஒரு கிளாஸ் அளவுக்குத் தெரியும். கடுப்பம், மதுரம், வித்தவுட், பார்சல் என்று கிளாஸுக்குள் அடங்குகிற சொல்லெல்லாம் சுத்தமாகப் புரியும். கிளாஸுக்கு வெளியே உள்ளதைத் தமிழை வைத்துக் குத்துமதிப்பாக எடுத்துக்கொள்வார். பத்துக்கு ஒன்பது தடவை அது சரியாகவே இருந்துவிடும். மிச்சம் ஒரு தடவைதான் இந்தக் கதை.

அன்று காலை ஒன்பதே கால் மணிக்குக் கடை டிவியில் சிவப்புப் பட்டை ஓடியது. "முள்ளிக்கரை ஆணவ நிலயத்தில் சோர்ச்ச" என்று ஒரு பெண் மூச்சுவிடாமல் வாசித்தாள். முள்ளிக்கரை, சொரிமுத்துவின் ஊர்ப் பக்கம். கடலோரத்தில் அணு உலை நிற்கிற இடம். அவர் மனைவி வடிவம்மாள் இருக்கும் பனையடிவிளையிலிருந்து சரியாகப் பதினோரு கிலோமீட்டர். அணு மலையாளத்தில் ஆணவம் ஆகிவிடும் என்பது அவருக்குத் தெரியாது. ஆணவ நிலையம் என்றே பேர் வைத்துவிட்டானே, பொருத்தம்தான் என்று நினைத்தார். சோர்ச்சையைச் சோர்வு என்று எடுத்துக்கொண்டார். ஆணவத்துக்குச் சோர்வு வந்தால் நல்லதுதானே? அடுத்த சாயாவை ஆற்றினார்.

"லீக்காம் ஓய்!" என்றார் சுவாமிதாஸ். பாறசாலைக்காரர். தமிழும் மலையாளமும் ஒரே பாத்திரத்தில் கொதிக்கிற வாய். "காத்தில வெஷம் கேட்டியா. கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. நேரே எலும்புக்குள்ள கேறி இருந்திரும்."

சொரிமுத்து அப்போதுதான் கிளாஸைக் கீழே வைத்தார். போனை எடுத்தார். வடிவம்மாளின் போன் அணைந்து கிடந்தது. அது எப்போதுமே அப்படித்தான். விளக்கு வைத்த பிறகுதான் அவள் போனுக்கு உயிர் கொடுப்பாள். பகலில் எரிந்தால் பேட்டரி தேய்ந்துபோகும் என்பது அவள் கணக்கு. ஊர்க்காரர்கள் நாலு பேருக்கு அடித்தார். ஒன்றும் போகவில்லை.

அடுத்த ஒரு மணி நேரத்தில் தம்பானூர் செய்ததையெல்லாம் தம்பானூரே இன்று ஒத்துக்கொள்ளாது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்க எல்லோரும் விரலை எச்சிலில் நனைத்துத் தூக்கிப் பிடித்தார்கள். கிழக்கு எது மேற்கு எது என்று பிறந்ததிலிருந்து யோசித்திராத ஆட்கள். பேருந்து நிலையம் முழுக்க ஆட்காட்டி விரல்கள். ஊர் கூடி யாரையோ அவுட் கொடுத்தது மாதிரி இருந்தது. சாலை பஜாரில் முதலில் அயோடின் உப்பு தீர்ந்தது, பிறகு அயோடின் என்று எழுதியிருந்த எல்லாமே தீர்ந்தது. ஒரு வக்கீல் புண்ணுக்குப் போடுகிற டிங்சரில் இரண்டு மூடி குடித்துவிட்டு, பழுப்பு நாக்கை நீட்டி, தனக்கு ஒன்றுமில்லை என்று போவோர் வருவோருக்கெல்லாம் காட்டினார். கால் மணி நேரத்தில் ஆம்புலன்ஸ் வந்து நாக்கோடு அவரை எடுத்துப் போனது.

பத்தரைக்கு நாலு துளி மழை விழுந்தது. வெட்டவெளியில் நின்ற நாற்பது பேர் ஒரே ஆட்டோவுக்குள் ஏறினார்கள். டிரைவருக்கு இடமில்லை, அவர் கூடவே ஓடி வந்துதான் வண்டியை ஓட்டினார். அதைப் பார்த்தும் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. கடை வாசலில் ஒருத்தி, குழந்தையின் உச்சியில் விழுந்த ஒரு சொட்டைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். மறுபடியும் கழுவினாள். குழந்தை அழுதது. கழுவிக்கொண்டே அவளும் அழுதாள்.

அப்போதுதான் டிவிக்காரி அதைச் சொன்னாள்.

"பதினாறு கிலோமீட்டர் சுற்றளவிலுள்ள முழுவன் ஆளுகளெயும் உச்சய்க்கு மும்பு ஒழிப்பிக்கும்."

சொரிமுத்துவின் மேல் கைக்கும் கீழ் கைக்கும் நடுவே ஒரு கஜ நீளத்துக்கு இறங்கிக்கொண்டிருந்த சாயா, அப்படியே அந்தரத்தில் நின்றுவிட்டது. பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

அவர் அறிவில்லாத மனிதர் அல்ல. யோசித்துப் பார்க்காமல் எதையும் நம்பமாட்டார். யோசித்தார். போன வருடம் இதே டிவியில் பறவைக் காய்ச்சல் காட்டினார்கள். எங்கேயோ ஒரு வாத்துக்கு நோய். உடனே ஒரு கிலோமீட்டர் சுற்றளவு என்று வட்டம் போட்டார்கள். தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு மாட்டிய ஆட்கள் வந்து இறங்கினார்கள். வட்டத்துக்குள் இருந்த வாத்து, கோழி, குஞ்சு எல்லாவற்றையும் ஒழித்தார்கள். நோய் வந்ததா வராததா என்றுகூடக் கேட்கவில்லை. மூட்டை மூட்டையாகக் கட்டித் தூக்கிப் போனார்கள்.

இப்போது டிவியில் அதே வெள்ளை உடுப்பு. அதே வட்டம். வட்டம்தான் கொஞ்சம் பெரிது.

"முதலாளி, ஒழிப்பிக்கும்னு சொல்லுதாளே, நெசமாவா?"

சுவாமிதாஸ் கடையை அடைக்கிற அவசரத்தில் இருந்தார். "பின்னே? ஒழிப்பிக்காம வேற என்ன செய்யும்?"

"எல்லாரையுமா?"

"எல்லாரையும்தான். கிழவன், கிழவி, பச்சப் பிள்ள, ஒண்ணும் பாக்கி விடமாட்டான். பட்டாளம் எறங்கியாச்சு."

"சொன்னா கேக்காத ஆளுகள?"

"கையையும் காலையும் பிடிச்சுத் தூக்கி வண்டியில போடுவான். இதில தயவு பாத்தா நடக்குமா ஓய்?"

வடிவம்மாள் சொன்னால் கேட்கிறவள் இல்லை. சொரிமுத்துவுக்கு மூட்டைகள் ஞாபகம் வந்தன. சில மூட்டைகள் வண்டியில் விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் அசைந்துகொண்டிருந்தன.

அதைவிட அவரை நடுங்க வைத்தது வேறொன்று. நடுப்பகலுக்கு முன்னால் ஊர் ஊராகக் கொல்லப்போகிறோம் என்று அரசாங்கம் டிவியில் நேரம் போட்டுச் சொல்கிறது. கேட்டவர்கள் எல்லாம் தலையை ஆட்டிவிட்டு உப்பு வாங்கப் போகிறார்கள். ஒருத்தன் "ஐயோ" என்று சொல்லவில்லை. பத்தொன்பது வருடமாக இவர்களுக்கா சாயா ஊற்றினோம்?

சுவாமிதாஸின் மனைவி எலிசாள் ஊறுகாய்ப் பரணிகளைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தாள். ஈரத் துவர்த்துத் துண்டால் மூக்கைக் கட்டியிருந்தாள். கொட்டாரக்கரையில் அவள் அக்கா வீட்டுக்குப் புறப்பாடு.

"அண்ணாச்சி, ஒரு எடம் இருக்கு, கேறும். வடக்க போனா காத்து எட்டாது."

"நான் ஊருக்குப் போறேன் அம்மா."

"ஊருக்கா? அங்கயா?" எலிசாள் பரணியை மடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். "வட்டு பிடிச்சுதா உமக்கு? அங்க எல்லாரையும் ஒழிப்பிச்சுக்கொண்டு இருக்கு."

"அதுக்குத்தான் போறேன். அவ தனியா இருக்கா."

எலிசாள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சுவாமிதாஸ் ஹாரன் அடித்தார். கார் போய்விட்டது.

வடக்கே போகிற ரயில்களில் ஜன்னல் கம்பியில்கூட ஆள் தொங்கியது. நாகர்கோவில் பஸ் காலியாக நின்றது. கண்டக்டர் ஷிஜு இரண்டு முகக்கவசத்துக்கு மேல் ஹெல்மெட் மாட்டியிருந்தான். அம்மா பாறசாலையில் தனியாக இருக்கிறாள் என்பதால் மட்டுமே வண்டி எடுக்கிறானாம். டிரைவர் ஜெபமாலையை ஸ்டியரிங்கில் சுற்றியிருந்தார்.

"எவிடேக்கா?" என்றான் ஷிஜு, ஹெல்மெட்டுக்குள்ளிருந்து.

"பனையடிவிளை."

"அது பதினாறிண்டெ அகத்தல்லே சேட்டா?"

"ஆமா. உச்சைக்கு முன்னால போயிரலாமா?"

ஷிஜு அவரைப் பார்த்துவிட்டு டிரைவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டான். திரும்பி வரவே இல்லை.

கரமனை தாண்டியதும் எதிர்ப்பக்கம் முழுக்க வண்டி. கார், லாரி, மீன் வண்டி, கட்டிலும் மெத்தையுமாக ஒரு டெம்போ. எல்லாம் வடக்கே. தெற்கே போனது இந்த ஒரு பஸ்தான். போகிறவர்கள் ஜன்னல் வழியே சொரிமுத்துவைப் பார்த்தார்கள். பிணத்துக்கு வழிவிடுகிறவர்கள் பார்க்கிற மாதிரிப் பார்த்தார்கள். ஒருவர் கையெடுத்துக் கும்பிடவும் செய்தார். சொரிமுத்து பதிலுக்குக் கும்பிட்டார். மணி பதினொன்றரை.

முந்தாநாள் அவளோடு போனில் சண்டை போட்டது ஞாபகம் வந்தது. எதற்கு என்பது ஞாபகம் வரவில்லை. அவள் முதலில் வைத்தாளா இவர் முதலில் வைத்தாரா என்று பாலராமபுரம் வரை யோசித்தார்.

பாலராமபுரம் சந்திப்பில் எல்லாம் நின்றது. முன்னால் போகவும் வழியில்லை, பின்னால் வரவும் வழியில்லை. எங்கோ மணி அடித்துப் பன்னிரண்டு என்றது.

எதிர்ப்பக்கம், ஒரு கை நீளத்தில், ஒரு பஸ் வந்து ஒட்டி நின்றது. அதன் படிக்கட்டில் வெள்ளை உடுப்பு ஒருவன். உள்ளே ஜன்னல்தோறும் ஒரே நீல நிறத்தில் தொளதொள உடுப்பு போட்ட உருவங்கள். தலைகள் கண்ணாடியில் சாய்ந்திருந்தன. ஒன்றும் அசையவில்லை.

முடிந்துவிட்டது, எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்று சொரிமுத்து நினைத்தார். மூட்டை கட்டாமல் உட்கார வைத்திருக்கிறார்களே, அந்த மட்டுக்கு மரியாதை. ஒவ்வொரு முகமாகத் தேடினார். தேடவும் பயமாக இருந்தது.

நாலாவது ஜன்னலில் ஒரு பிணம் நிமிர்ந்து, கண்ணாடியைத் தள்ளி, வெளியே துப்பியது.

"ஏ, நீரு இங்க என்ன செய்யுதீரு? கடையில ஆரு இருக்கா?"

வடிவம்மாள். தலையில் துண்டு சுற்றியிருந்தாள்.

சொரிமுத்து ஜன்னல் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்தார். "ஏட்டி... உன்ன ஒழிக்கலையா?"

"விடியும் முன்னாலயே வந்து எல்லாத்தையும் ஒழிச்சுட்டானுவ. சேலைய உருவிப் பையில கட்டிட்டானுவ. குழாயப் பிடிச்சுத் தண்ணி அடிச்சானுவ, மாட்டுக்கு அடிக்கிற மாரி. மார்த்தாண்டத்துல எடம் இல்லன்னு இங்க கொண்டாரானுவ." அவள் துண்டை இன்னும் இறுக்கிக்கொண்டாள். "பொட்டி ஒண்ணு வச்சிருக்கானுவ. தலைக்குக் கிட்ட கொண்டாந்ததும் கீ கீன்னு கத்துச்சு. முடிய வெட்டிட்டானுவ."

"கொஞ்சமாவா?"

அவள் ஜன்னல் கண்ணாடியை இழுத்து மூடினாள்.

சொரிமுத்து பஸ்ஸை விட்டு இறங்கினார். இரண்டு பஸ்ஸுக்கும் நடுவே பக்கவாட்டில் நுழைந்து போய், அந்தப் படிக்கட்டில் கால் வைத்தார். வெள்ளை உடுப்பு கையை நீட்டி மறித்தது. கண்ணாடிக்குப் பின்னால் மீசை சரியாக முளைக்காத முகம். வாலண்டியர் பையன், மார்பில் லிஜோ என்று பேனாவால் எழுதியிருந்தது.

"சேட்டா, கேறரது. இது ஒழிப்பிச்சவருடெ வண்டியாணு."

சொரிமுத்து அவன் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தார். ஒழிப்பித்தவர்கள் நாற்பது பேரும் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கிழவர் பன்னைப் பிய்த்துப் பையில் பத்திரப்படுத்தினார். ஒரு பெண் பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். பத்துக்கு ஒன்பது போக மிச்சமாக வந்து நின்ற அந்தச் சொல்லை அவர் மெதுவாகத் திருப்பிப் பார்த்தார். ஊரைவிட்டு வெளியே கூட்டிப்போவதற்குப் போய் இப்படியா ஒரு பேர் வைப்பான்?

வடிவம்மாள் எழுந்து படிக்கட்டுப் பக்கம் வந்திருந்தாள். இவர் கையை நீட்டியதும் பின்வாங்கினாள்.

"தொடாதீரும். தொட்டா ஒட்டிக்கிடுமாம். நீரு கடைக்குப் போரும்."

சொரிமுத்து எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஈரமாக, சோப்பு வாசனையோடு இருந்தது. முன்னால் வண்டிகள் நகர ஆரம்பித்தன. தெற்கே போகிற பஸ் அவரை விட்டுவிட்டுப் புறப்பட்டது.

"சேட்டா, விடு. நிங்ஙள் புறத்துள்ள ஆளாணு."

"என்னையும் ஒழிப்பிச்சிரும் சாரே," என்றார் சொரிமுத்து.

லிஜோ கதிர் அளக்கிற அந்தப் பெட்டியை எடுத்தான். அவளைத் தொட்ட அவர் உள்ளங்கைக்குக் கிட்டே கொண்டுவந்தான். பஸ்ஸில் நாற்பது பேரும் மூச்சை நிறுத்தினார்கள்.

பெட்டி ஒரு தடவை கீ என்றது.

"கேறிக்கோ," என்றான் அவன், முகத்தைப் பார்க்காமல்.

வடிவம்மாள் ஜன்னலோரம் நகர்ந்து இடம் விட்டாள்.