உடையாத பிஸ்கட் ரெண்டு

மின்னல் என்று அவளுக்குப் பேர் வைத்தது ஆபீஸ்தான். பெற்றவர்கள் வைத்த பேர் சம்பளச் சீட்டில் மட்டும் பத்திரமாக இருந்தது. கீபோர்டில் அவள் விரல் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்தால் யாராக இருந்தாலும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். இங்கே வருவதற்கு முன் ஒரு வாஷிங் மெஷின் கம்பெனியில் இருந்தாள். நாலு பேருடைய புகாருக்குத் திரையில் நாலு ஜன்னலில் ஒரே நேரத்தில் பதில் அடிப்பாள். நாலு பேருக்கும் ‘வருந்துகிறோம்’ என்று அடித்துக்கொண்டே ராத்திரிக்கு என்ன சமைக்கலாம் என்றும் யோசிப்பாள். அதில் அவளுக்கு ஏகப்பட்ட பெருமை.

இங்கே வேலை வேறு. மனசு உடைந்த பிள்ளைகள் போனில் செய்தி அனுப்புவார்கள். அதற்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பதில் எழுத வேண்டும். பிள்ளைகள் பேச வேண்டாம், முகம் காட்ட வேண்டாம், பிடித்த பேர் எதையாவது சொன்னால் போதும். மேற்பார்வை பார்க்கிற அம்மாள் சேர்ந்த அன்றைக்கே சொல்லிவிட்டார்: “ஒரு பிள்ளை, ஒரு ஜன்னல். வேற எதுவும் திறந்திருக்கக் கூடாது.” மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு மேசையெல்லாம் தேடுகிறவர் என்பதால் அவருக்குக் கண்ணாடி என்று பேர். மின்னல் பலமாகத் தலையாட்டினாள். ஆட்டிவிட்டு, மூலையில் ஆபீஸ் அரட்டை ஜன்னலைத் திறந்தே வைத்துக்கொண்டாள். பழக்கம் விடுமா?

இன்னொரு கெட்ட பழக்கமும் இருந்தது. ‘உங்கள் உணர்வு எனக்குப் புரிகிறது’ மாதிரியான வாக்கியங்களை ஒன்றுக்கு ஒரு கீ என்று தயாராக வைத்திருந்தாள். ஒரு தட்டு தட்டினால் முழு வாக்கியமும் போய் நிற்கும்.

அன்றைக்கு மதியம், டீ நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், பூனை வந்தது. அந்தப் பெண் தனக்கு வைத்துக்கொண்ட பேர் அது. பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம். வகுப்பில் எழுந்து பேசும்போது திக்கியிருக்கிறது. அதை ஒருத்தி வீடியோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டாள். அதிலிருந்து பூனை பள்ளிக்கும் போகவில்லை, நேற்றிலிருந்து சாப்பிடவும் இல்லை.

மின்னல் ஏற்கெனவே தட்டிய கீயையே மறுபடியும் தட்டினாள். ‘உங்கள் உணர்வு எனக்குப் புரிகிறது.’

‘இதையேதான் அப்பவும் சொன்னீங்க. நீங்க மெஷினா?’ என்று கேட்டது பூனை.

சுருக்கென்று இருந்தது. இதற்கு என்ன சொல்வது என்று யோசிக்கும்போதே மூலை ஜன்னல் கூவியது. பக்கத்து நாற்காலிக்காரப் பையன், நெட்டையாக இருப்பதால் ஒட்டகம், டீ மெஷின் பக்கத்திலிருந்து கேட்டிருந்தான்: ‘அக்கா, டீ உங்களுக்கு எப்படி?’

அதே நொடியில் பூனை எழுதியது: ‘நான் இல்லாம போனா யாருக்கும் ஒண்ணும் ஆகப்போறதில்ல.’

மின்னலின் விரல் பழைய கம்பெனி வேகத்தில் ஓடியது. இரண்டு ஜன்னல், இரண்டு பதில், இரண்டும் போயாயிற்று.

டீ மெஷின் பக்கத்துத் தடுப்புக்கு மேல் ஒட்டகத்தின் தலை மெதுவாக எழும்பியது. கையில் போன், கண்ணில் கலக்கம். “அக்கா... எனக்கு ஒண்ணும் இல்லக்கா. நான் நல்லாதான் இருக்கேன். எதுக்கு ‘நீங்கள் தனியாக இல்லை’ன்னு அனுப்பியிருக்கீங்க?”

மின்னல் சட்டென்று திரும்பினாள். திரையைப் பார்த்தாள். சாகிற பேச்சுப் பேசிய பிள்ளைக்கு அவள் அனுப்பியிருந்த பதில் இது:

‘சக்கரை வேணாம். பிஸ்கட் ரெண்டு. உடையாம இருக்கணும். போன தடவ நொறுங்கினதை எனக்குக் குடுத்துட்டு முழுசை நீ தின்ன. எனக்குத் தெரியாதுன்னு நினைக்காத.’

ஐயோ, ஐயோ! அவள் முகத்தில் ஈயாடவில்லை. பூனை ஜன்னலை மூடிவிட்டால் அவ்வளவுதான், மறுபடி போய்க் கதவைத் தட்ட வழியில்லை. எந்த ஊர், எந்தத் தெரு, ஒன்றும் தெரியாது. ஒரு பிள்ளையின் உயிர் இரண்டு பிஸ்கட்டில் போய்விடுமோ என்று பதறினாள்.

பிறகு பூனையின் பதில் வந்தது.

‘உடைஞ்சா என்ன, ருசி மாறிடுமா?’

அதன் பின்னாலேயே இன்னொன்று: ‘அப்போ நீங்க மெஷின் இல்ல.’

‘இல்லம்மா,’ என்று மின்னல் அடித்தாள். ஒவ்வொரு எழுத்தாக, அந்தக் கீபோர்டை அன்றைக்குத்தான் புதிதாகப் பார்க்கிறவள் போல. ‘புத்தி கெட்டுப்போய் ரெண்டு வேலை ஒண்ணா பார்த்தேன். நீ சொன்னதுக்கு அது பதிலே இல்ல. மன்னிச்சுடு. மத்ததெல்லாம் மூடிட்டேன். இப்ப நீ மட்டும்தான்.’ நிஜமாகவே மூடினாள்.

‘எனக்கு சிரிப்பு வந்துச்சு,’ என்றது பூனை. ‘வீடியோ வந்ததுலேர்ந்து இப்பதான்.’

கண்ணாடி எழுந்து வந்து பின்னால் நின்றார். திட்டவில்லை, அதற்கு நேரமில்லை. “நேரடியா கேளு,” என்றார். சுற்றி வளைக்கக் கூடாது, கேட்பதால் பிள்ளைக்குப் புதிதாக அந்த எண்ணம் வந்துவிடாது என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். மின்னலுக்கு இதுவரை வாய் வந்ததில்லை. இன்றைக்குக் கேட்டாள்.

‘பூனை, சாகணும்னு தோணுதா?’

‘ம்.’

‘இன்னிக்கே ஏதாவது செஞ்சுக்கணும்னு இருக்கியா?’

‘தெரியல. எனக்கே என்னை நினைச்சா பயமா இருக்கு.’

‘சொன்னியே, நல்ல பொண்ணு. வீட்ல யார் இருக்காங்க?’

‘அண்ணன். பைக் மெக்கானிக். இன்னிக்கு லீவு. கூடத்துல ஃபேனைக் கழட்டிப் பரப்பிட்டு உக்காந்திருக்கான்.’

‘அவன்கிட்ட போய்ச் சொல்றியா? நான் இங்கயேதான் இருப்பேன்.’

‘முடியாது. வாயைத் திறந்தா திக்கும். நான் முழுசா சொல்லி முடிக்கறதுக்குள்ள எனக்கே அழுகை வந்துடும். எழுதி அனுப்பவும் கூச்சமா இருக்கு. நாங்க சண்டை மட்டும்தான் போடுவோம்.’

மின்னல் நாற்காலியில் நிமிர்ந்தாள். அவளுக்குக் குறும்பு தலைக்கேறும்போது இடது காதைத் தேய்ப்பாள். இப்போது தேய்த்தாள்.

‘அப்போ நான் செஞ்ச மாதிரியே செய். எனக்கு எழுதறதை தவறிப்போய் அவனுக்கு அனுப்பிடு.’

“இது எந்தப் பாடத்துல இருக்கு?” என்று பின்னாலிருந்து கண்ணாடி முணுமுணுத்தார்.

“இன்னிக்குச் சேர்த்துக்கங்க மேடம்.”

‘திட்டினான்னா?’ என்று கேட்டது பூனை.

‘அக்காவுக்கு அனுப்பினது, கை மாறிடுச்சுன்னு என் மேல பழியைப் போடு. எனக்கு இதெல்லாம் சகஜம்னு உனக்கே தெரியும்.’

பிறகு பூனை தான் எழுதியதைக் காட்டியது: ‘எனக்கு சாகணும்னு தோணுது. தனியா இருக்க பயமா இருக்கு. யாராவது கூட உக்காந்தா நல்லாருக்கும்.’

‘அனுப்பிட்டேன்,’ என்றது. ‘பாத்துட்டான். நீல டிக் வந்துடுச்சு.’ அப்புறம், ‘பதில் போடல அக்கா.’

மின்னல் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டோமோ, அந்தத் தடியன் நக்கலாக ஏதாவது எழுதித் தொலைத்துவிடுவானோ என்று அவன் முகம் தெரியாமலே அவனை மனசுக்குள் வறுத்தெடுத்தாள். கண்ணாடி கையில் அவசர உதவிக்கான போனைத் தயாராகப் பிடித்திருந்தார். ஒட்டகம் டீயோடு வந்தவன் அப்படியே நின்றான்.

‘ஸ்பேனர் கீழ விழுற சத்தம் கேக்குது,’ என்று எழுதியது பூனை. ‘கதவைத் தட்டறான்.’

‘திற பூனை.’

அதற்கு அப்புறம் ஜன்னல் காலி. டீயில் ஆடை படிந்தது. ஆபீஸில் ஏசி உறுமுகிற சத்தம் மட்டும்தான்.

கடைசியில் அதே ஜன்னலில், வேறு கையால் ஒரு செய்தி வந்தது.

‘நான் அவ அண்ணன். கையெல்லாம் கிரீஸ், எழுத்து முன்ன பின்ன வரும். தவறி வந்துடுச்சுன்னு சொல்றா. சரியான ஆளுக்குத்தான் வந்திருக்குன்னு சொல்லிட்டேன். பக்கத்துலயே உக்காந்திருக்கேன். இப்ப நான் என்ன செய்யணும்?’

மின்னல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தயார் வாக்கியங்களில் இதற்கும் ஒன்று இருந்தது. அந்தக் கீயைத் தொடவில்லை. தம்பி, அவளைத் தனியா விடாதீங்க, புத்திமதி எதுவும் சொல்ல வேணாம், அவ எழுதினாலும் சரி, திக்கினாலும் சரி, அவசரப்படுத்தாம கேளுங்க, இன்னிக்கே டாக்டரைப் பார்க்கணும், எங்க போகணும்னு இப்பவே சொல்றேன் என்று மெதுமெதுவாக அடித்தாள். அவ்வளவு நிதானமாக அவள் அடித்து யாரும் பார்த்ததில்லை. அண்ணன் ஊரைச் சொன்னதும், எந்த டாக்டர், எப்படிப் போவது என்று கண்ணாடி பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துக் கொடுத்தார். அம்மாவுக்குப் போன் போட்டாகிவிட்டது, கிளம்பி வந்துகொண்டிருக்கிறாள் என்று அண்ணன் எழுதினான்.

“நாளையிலேர்ந்து மூலை ஜன்னல் திறந்திருந்தா, உன்னை ஜன்னல் வழியா தூக்கிப் போட்டுடுவேன்,” என்றார் கண்ணாடி. சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் தேடினார். அது தலையில்தான் இருந்தது.

ஒட்டகம் ஆறிப்போன டீயை மேசையில் வைத்து, பக்கத்தில் இரண்டு பிஸ்கட்டை வைத்தான். இரண்டும் முழுசு. மின்னல் ஒன்றை எடுக்கப் போனபோது திரையில் கடைசியாக ஒரு வரி வந்தது. பழைய கை.

‘அக்கா, அண்ணன் பிஸ்கட் கொண்டுவந்தான். எல்லாம் நொறுங்கினது, கிரீஸ் வாசனை வேற. தின்னுட்டேன்.’