மூன்று பெட்டிகளும் ஒரு கரகரப்பும்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. அக்கா வீட்டில் பிஸ்கட் தின்னப் போன இடத்தில் கிடைத்தது. அன்றைக்கு நான் போகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் பயமாக இருக்கிறது. நீங்கள் பயப்படாதீர்கள், நல்லபடியாகத்தான் முடியும். அதை முன்கூட்டியே சொன்னால் சுவாரசியம் போய்விடும் என்பார்கள். போனால் போகட்டும். எங்கள் வீட்டில் பயந்த வரைக்கும் போதும், உங்களையும் எதற்குப் படுத்த வேண்டும்?

2

எழுதிக் கைவிட்ட தொடக்கங்களை அழிக்க மனம் வரவில்லை. கிடக்கட்டும்.

"மாலை வெளிச்சம் ஜன்னல் வழியே கிடாரின் மீது விழுந்தபோது அவள்—"

அக்கா வீட்டு ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். வெளிச்சமாவது, விழுவதாவது.

"இசை என்பது அடிப்படையில் இழப்பின்—"

இதை எழுதியவள் நான்தானா? சீ.

"அக்காவுக்கு ஒரு சின்ன ஆம்ப் வேண்டியிருந்தது."

இது சரி. இப்படியே போகலாம்.

3

அக்கா கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பவள். பகலெல்லாம் "இதுல நல்லாத் தெரியுதா, அதுல நல்லாத் தெரியுதா?" என்று ஊராரிடம் கேட்டுக்கொண்டிருப்பாள். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு ஹோட்டலின் வரவேற்புக் கூடத்தில் ஜாஸ் கிடார் வாசிப்பாள். கூட இரண்டு நண்பர்கள். பேஸ் கிடார் வாசிப்பவருக்குத் தாடி என்று பெயர், காரணப் பெயர்தான். டிரம்ஸ் வாசிப்பவர் பேசவே மாட்டார்.

கிடாரின் ஒலியைப் பெருக்கித் தரும் பெட்டிதான் ஆம்ப். அக்காவின் பழைய ஆம்ப் அரிசி மூட்டை கனம். தாடி வீட்டில்தான் கிடக்கும், அவர்தான் தன் வண்டியில் ஹோட்டலுக்கு ஏற்றி வருவார். அவர் வண்டியை விற்றுவிட்டார். ஆகவே அக்கா கையில் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறுகிற மாதிரி ஒரு சின்னப் பெட்டி தேவைப்பட்டது.

கிடாரை வேண்டுமென்றே கரகரக்கவிட்டு வாசிக்கும் இசை உண்டு. அதற்கென்றே காசு கொடுத்துப் பெட்டி வாங்குகிறார்கள், புண்ணியவான்கள். அக்கா வாசிப்பது அதற்கு நேர் எதிர். ஒரு ஸ்வரம் பிசிறில்லாமல், உருண்டையாக வந்து, உருண்டையாகவே அடங்க வேண்டும். கிளீன் டோன் என்கிறார்கள். பெரிய பெட்டிக்கு இது சுலபம். சின்னப் பெட்டிக்கு மூச்சு வாங்கும், கொஞ்சம் ஒலியைக் கூட்டினாலே பிசிறடிக்கும். கைக்கு அடக்கமாகவும் இருக்க வேண்டும், சுத்தமாகவும் ஒலிக்க வேண்டும். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.

[இந்த இடத்தைப் படித்த பத்திரிகை நண்பர், "ஆம்ப் யாருக்குப் புரியும்? வயலின்னு மாத்திடுங்களேன்" என்றார். அக்காவிடம் சொன்னேன். "மாத்து மாத்து. அப்படியே என்னையும் மாத்திட்டு வேற அக்காவைத் தேடிக்கோ" என்றாள். ஆம்ப் ஆம்ப்பாகவே இருக்கிறது.]

4

இப்போது காது.

பெட்டி தேடத் தொடங்குவதற்கு முன்பு அக்காவுக்கு ஒரு காய்ச்சல் வந்து போனது. போகும்போது இடது காதை அடைத்துவிட்டுப் போனது. காது டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்து, "பெரும்பாலும் தானா சரியாயிடும். ஆனா சத்தம் ஒடஞ்சோ கரகரன்னோ கேட்டா உடனே வாங்க. நரம்பைப் பாக்கணும்" என்று சொல்லி அனுப்பினார். ஹோட்டலில் லீவு சொன்னாள். உடம்பு தேறியதும் கடையிலிருந்து முதல் பெட்டியைக் கொண்டுவந்து ஹாலில் வைத்து வாசித்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது, கீழ்த் தந்தியில் ஒரு ஸ்வரத்துக்கு வரும்வரை.

கர்ர்.

மறுபடி அதே ஸ்வரம். மறுபடி கர்ர்.

கடைக்காரர் நல்ல மனிதர். வீட்டுக்கு எடுத்துப்போய் வாசித்துப் பார்த்து, பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம் என்றிருந்தார். அக்கா திருப்பிக் கொடுத்தாள். இரண்டாவது பெட்டி வந்தது. அதே ஸ்வரத்தில் அதே கர்ர். "மேடம், இங்கயே வாசிச்சுப் பாத்துட்டு எடுத்துட்டுப் போங்களேன்" என்றார். "இல்லங்க, வீட்டுலதான் எனக்குச் சரியாத் தெரியும்" என்றாள்.

தெரியும் என்பதல்ல விஷயம். கடையிலும் அந்தக் கர்ர் கேட்டுவிட்டால் பிறகு எந்தப் பெட்டியைக் குறை சொல்வது? ஊரார் கண்ணையெல்லாம் சோதிக்கிறவள், தன் காதைச் சோதிக்கப் பயந்துகொண்டு பெட்டி பெட்டியாகச் சோதித்தாள்.

ஒவ்வொரு முறையும் மாமாவிடம் கேட்பாள். (மாமா என்றால் அக்காவின் கணவர்.) "உங்களுக்கு ஏதாவது கரகரன்னு கேக்குதா?"

"இல்லவே இல்லம்மா. சுத்தமா இருக்கு."

அப்படியானால் அது தன் காதுக்குள் மட்டும்தான் கேட்கிறது. அக்கா இப்படித்தான் கணக்குப் போட்டாள். தாடி போன் செய்தபோது, "இந்த வாரம் ஒரு முடிவு சொல்லிடறேன். வேற யாராவது இருந்தா பாத்து வையுங்க" என்றாள். வாசிப்பையே விட்டுவிடுவது என்று தீர்மானித்திருந்தாள். என்னிடம் மூச்சுவிடவில்லை. நான் எழுதிவிடுவேனாம்.

5

நான் போனபோது மூன்றாவது பெட்டி ஹாலில் ஷோகேஸுக்குப் பக்கத்தில் ஸ்டூலின்மேல் இருந்தது. மாமா டீயும் பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்துவிட்டு, "வாங்க எழுத்தாளரே, கச்சேரி கேளுங்க" என்றார். அக்கா என் முகத்தைப் பார்க்காமல் மெதுவான ஏதோ ஒன்றை வாசிக்க ஆரம்பித்தாள். எனக்குக் கதையெதுவும் தெரியாது. காது, காய்ச்சல், நரம்பு ஒன்றும் தெரியாது. வாய் நிறைய பிஸ்கட்டோடு கேட்டேன்:

"என்னக்கா அது, நடுவுல கர்ர்னு?"

(மெருகேற்றிப் பார்த்தேன். "அந்த ஒலியின் விளிம்பில் ஒரு விரிசல்—" வேண்டாம். என் வாழ்க்கையில் நான் சொன்ன உருப்படியான வாக்கியம் இது ஒன்றுதான். பிஸ்கட் தூளோடு அப்படியே இருக்கட்டும்.)

அக்காவின் கை தந்தியிலேயே நின்றது.

"என்ன சொன்ன?"

"கர்ர்னு அடிக்குதே. ஏன், ஜாஸ்னா அப்படித்தானா?"

"உனக்குக் கேக்குதா? சத்தியமா உனக்குக் கேக்குதாடி?"

"என்னக்கா நீ, செவிடனுக்குக்கூடக் கேக்கும் போல இருக்கு."

அக்கா ஓவென்று அழுதுவிட்டாள். அவள் வாசிப்பைக் கேவலமாகப் பேசிவிட்டேன் போலிருக்கிறது என்று, "ஐயோ, இல்லக்கா, நல்லாத்தான் இருக்கு, ரொம்ப நல்லா—" என்று ஆரம்பித்தேன்.

"நல்லா இருக்குன்னு சொன்னே, கொன்னுடுவேன்!" என்றாள். அழுதுகொண்டே சிரித்தாள். என்னை இழுத்துக் கட்டிக்கொண்டாள். கிடார் வேறு இடையில் இடித்தது.

அப்போது மாமா தொண்டையைச் செருமினார்.

"எனக்கும்தான் கேட்டுச்சு..."

"எப்போ?"

"மொதல் பெட்டியிலேர்ந்தே."

"பாவி மனுஷா! அப்புறம் எதுக்கு இல்ல இல்லன்னு சொன்னீங்க?"

"நீ கேக்கறப்போ உன் மூஞ்சி அப்படி இருந்துச்சும்மா. இல்லன்னு சொன்னா நீ நிம்மதியா இருப்பேன்னு நெனச்சேன். சின்னப் பெட்டின்னா அப்படித்தான் இருக்கும் போலன்னு..."

"நீங்க இல்லன்னு சொல்லச் சொல்லத்தான் என் காது போச்சுன்னு நான் செத்துக்கிட்டிருந்தேன்!"

எனக்கு விஷயம் புரிந்தது அப்போதுதான். கையிலிருந்த பிஸ்கட்டைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

6

மாமாவைப் பற்றி ஒரு சந்தேகம். முதல் வரைவில் இவரை வில்லனாக்கினேன். "உண்மையைச் சொல்லத் துணிவில்லாத கோழை—" என்று ஒரு வாக்கியம் பாதியில் நிற்கிறது. அதை முடிக்க முடியவில்லை. இடுப்புப் பிடிப்போடு அந்தப் பெட்டிகளைக் கடைக்கும் வீட்டுக்குமாகச் சுமந்தவர் இவர்தான். காய்ச்சலில் அக்கா கிடந்தபோது தலைமாட்டை விட்டு நகராதவரும் இவர்தான். வலிக்கும் என்று தெரிந்தால் எதையும் இல்லை என்று சொல்லிவிடுகிற அன்பு இவருடையது. அது எவ்வளவு ஆபத்தான அன்பு என்று எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. வந்தாலும், இவரை வில்லனாக்கிவிட்டு நாளைக்கு எந்த முகத்தோடு அந்த வீட்டில் டீ குடிப்பது?

7

மூன்று பெட்டியும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி கரகரத்தால் குற்றம் பெட்டியில் இல்லை. இதை யோசிக்க மேதை தேவையில்லை. அறையில் எங்காவது ஒரு தகரமோ கண்ணாடியோ தளர்ந்திருந்தால், ஒரு குறிப்பிட்ட ஸ்வரத்துக்குக் கூடவே அதிரும். அக்காவுக்கு இது நன்றாகத் தெரியும். பயம் பிடித்துக்கொண்டால் தெரிந்ததெல்லாம் எங்கோ ஓடிவிடுகிறது. அதோடு ஒரு காது அடைத்திருந்ததால் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றே அவளுக்குப் பிடிபடவில்லை. தலைக்குள்ளிருந்து வருவதாகவே நினைத்துவிட்டாள்.

அக்கா அந்த ஒற்றை ஸ்வரத்தை விடாமல் வாசிக்க, நானும் மாமாவும் எலி பிடிக்கிறவர்கள் மாதிரி ஹாலைச் சுற்றி வந்தோம். நான் ஜன்னல் கண்ணாடியை அழுத்தினேன். கர்ர். மின்விசிறியின் சுவிட்சுப் பெட்டியை அழுத்தினேன். கர்ர். மாமா ஷோகேஸின் உச்சியில் கையை வைத்தார்.

நின்றுவிட்டது.

கையை எடுத்தார். கர்ர். வைத்தார். நிசப்தம்.

அங்கே இருந்தது மாமாவின் கோப்பை. அலுவலகக் கேரம் போட்டியில் இரண்டாம் பரிசு. வாழ்க்கையில் அவர் ஜெயித்த ஒரே பொருள். அதன் மூடி ஆடிக்கொண்டிருந்தது.

"இதுவா?" என்றார். அந்த முகத்தை வர்ணிக்க நான்கைந்து முறை முயன்று தோற்றேன், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு கோப்பையைத் துண்டில் சுற்றி அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார்.

அக்கா வாசித்தாள். அந்த ஸ்வரம் வந்தது. வந்து, நின்று, அடங்கியது. கூட எதுவும் வரவில்லை.

"அப்பாடா" என்றாள் அக்கா. மூன்று பேரும் ஆறிப்போன டீயைக் குடித்தோம்.*

* இதையே கதையின் முடிவாக வைத்துக்கொள்ளலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. ஆனால் ஆம்ப் இன்னும் வாங்கவில்லையே.

8

மறுநாளே டாக்டரிடம் போனாள். செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டியிருக்கிறது, நரம்புக்கு ஒன்றுமில்லை, வடிந்துவிடும் என்றார். சில வாரங்களில் வடிந்தது. சோதித்துப் பார்த்து, "ரெண்டும் ஒண்ணு போல கேக்குது, போய் வாசிங்க" என்று அனுப்பிவைத்தார். நான் வாசலில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்ததை இங்கே எழுதவில்லை.

அங்கிருந்து நேரே கடைக்கு. மூன்றாவது பெட்டியை மாமா முன்பே அங்கே திருப்பிக் கொடுத்திருந்தார். "மூணையும் எடுங்க, இங்கயே வாசிக்கிறேன்" என்றாள். கடைக்காரர் கிள்ளிப் பார்த்துக்கொள்ளாத குறை.

கடைசியாக வந்த பெட்டி பேட்டரியில் ஓடும், பூப்போல் கனம். கீழ் ஸ்வரங்கள் மட்டும் டப்பாவுக்குள் பேசுவது மாதிரி இருந்தன. இரண்டாவதில் எக்கச்சக்கப் பொத்தான்கள். ஒலி சுத்தம்தான், ஆனால் யார் வீட்டு விசேஷமோ என்கிற மாதிரி ஒட்டாமல் நின்றது. முதன்முதலில் வேண்டாமென்று திருப்பிக் கொடுத்த பெட்டி சாதாரணக் கறுப்புப் பெட்டி, மூன்றே குமிழ்கள். அக்கா கீச்சொலிக்கான குமிழைப் பாதிக்குக் கீழே இறக்கி, ஒலியைக் கூட்டிக்கொண்டே போனாள். பிசிறவில்லை. உருண்டையாக வந்தது, உருண்டையாக அடங்கியது. ஒரு கையில் தூக்கிக் கடையை ஒரு சுற்று நடந்தும் பார்த்தாள்.

"இதைத்தானே மேடம் கரகரங்குதுன்னு திருப்பிக் குடுத்தீங்க?"

"பெட்டி மேல தப்பு இல்லங்க. எங்க வீட்டுக்காரர் கேரம்ல ஜெயிச்சதுதான் தப்பு."

கடைக்காரர் ரசீது போடும்வரை எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

9

இனி முடிவு. என்னிடம் சில இருக்கின்றன.

ஒன்று: அக்காவின் காது போய்விடுகிறது, ஓசையற்ற அறையில் ஒரு கறுப்புப் பெட்டி மட்டும். இதை உண்மையிலேயே எழுதி அவளிடம் காட்டினேன். "உனக்குப் பேர் வர்றதுக்கு என் காதுதான் கெடச்சுதா?" என்று தாளை என் தலையிலேயே அடித்தாள். நியாயம்தான்.

இன்னொன்று: ஹோட்டலில் கைதட்டல் அடங்க நெடுநேரமாகிறது. பொய். அந்தச் சனிக்கிழமை வந்தவர்கள் அறைச் சாவிக்காக வரிசையில் நின்றார்கள். கைதட்டியது நானும் மாமாவும். பேசாத டிரம்ஸ்காரர் மட்டும் அக்காவைப் பார்த்து, "வந்துட்டீங்க" என்றார்.

நடந்தது இதுதான். வாசித்து முடித்து பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். அக்காவின் முதுகில் கிடார். அவளுக்கு இடது பக்கமாக மாமா, கையில் ஆம்ப். நான் பின்னால். சாலையில் வண்டிகள் காட்டுக் கத்தல் கத்திக்கொண்டிருந்தன.

"எப்படி இருந்துச்சு?" என்று அக்கா கேட்டாள். "உள்ளதைச் சொல்லணும். இனிமே இல்ல இல்லன்னா பாத்துக்கோங்க."

மாமா ஆம்ப்பை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். பாவம், உள்ளதைச் சொல்லிப் பழக்கமில்லை. பிறகு அவள் பக்கம் திரும்பாமலே, தன்பாட்டுக்குச் சொல்லிக்கொள்கிறவர் மாதிரி, மெல்லிய குரலில் ஏதோ சொன்னார்.

என்ன சொன்னார் என்பதை நீங்கள்தான் எழுதிக்கொள்ள வேண்டும். அந்த இரைச்சலில் எனக்கு ஒரு எழுத்துக்கூடக் கேட்கவில்லை.

அக்காவுக்குக் கேட்டது.