அவர் அடித்துவிட்ட வரி

ஆம்புரோஸ் டிப்பிங்கின் எழுத்துக்குப் பதினொரு வருடம் பிழை திருத்தியவன் நான். ஃப்ளீட் தெருவில் எங்கள் வாரப் பத்திரிகை சனிக்கிழமை வெளியாகும். லண்டனில் பாதிப் பேர் அதைப் பின்பக்கத்திலிருந்துதான் பிரிப்பார்கள். பின்பக்க நகைச்சுவைக் கட்டுரை டிப்பிங்குடையது. அதன் உச்சியில் அவரையே கேலிச் சித்திரமாகப் போட்டிருப்போம்: பெரிய மூக்கு, சின்னத் தொப்பி.

ஒரு மே மாதம் தன் பேட்டை ரயில் நிலையத்துச் சிக்னல்காரரைப் பற்றி எழுதினார். ரயில் வெளியே நின்று கூவுகிறது. மேலே கூண்டில் சிக்னல்காரர் நெம்புகோலில் தலை சாய்த்துக் குறட்டை விடுகிறார். ரயில் கூவக் கூவ, குறட்டை பதில் சொல்கிறது. உண்மையில் டிப்பிங்தான் படியேறிப் போய் அவரை எழுப்பியிருந்தார். கட்டுரை நடுவே ஒரு வரி இருந்தது: 'இவர் இருபத்தொரு மணி நேரமாக வேலையில் இருப்பதாக நிலைய அதிகாரி சொன்னார்.' புரூஃப் பார்க்கும்போது என் மேஜைமேல் குனிந்து அந்த வரியை அவரே பேனாவால் அடித்தார்.

"இது சிரிப்பைக் கெடுக்குது, லாட்டிமர்."

"ஆமா சார்," என்றேன். எனக்கும் அப்படித்தான் பட்டது.

நவம்பர் பனிமூட்டத்தில் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்த ரயில்மேல் இன்னொரு ரயில் மோதியது. நான்கு பேர் செத்தார்கள். அதே சிக்னல்காரர் ஜோசையா பென்ட்டை, வேலையில் தூங்கிவிட்டதாகச் சொல்லிக் கைது செய்தார்கள். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் யாரிடமும் வேலை வாங்குவதில்லை என்றது ரயில் கம்பெனி. நிலைய அதிகாரியும் அதையே ஒப்பித்தார். தன் வழக்கில் தானே சாட்சி சொல்லப் பென்ட்டுக்கு அந்தக் காலச் சட்டத்தில் இடமில்லை.

யாரும் கூப்பிடாமலே டிப்பிங் பென்ட்டின் வக்கீலைத் தேடிப் போனார். விசாரணையன்று என்னையும் துணைக்கு அழைத்தார். காலையில் அவர் தேநீரைக்கூடத் தொடவில்லை.

சாட்சிக் கூண்டில் அவர் ஏறியதுமே பார்வையாளர் வரிசையில் ஒருவன் பக்கத்திலிருந்தவனை முழங்கையால் இடித்தான். "மூக்கைப் பாருடா! படத்துல இருக்கற மாதிரியே இருக்கு!"

"நான் இங்க சிரிக்க வைக்க வரல," என்றார் டிப்பிங். அதற்கே சிரித்தார்கள்.

இருபத்தொரு மணி நேரம் என்று நிலைய அதிகாரி மே மாதம் தன்னிடம் சொன்னதை அவர் சொன்னார். பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் எங்கள் பத்திரிகையை விரித்து, கட்டுரையை முழுக்கப் படித்தார். நன்றாகவே படித்தார், எங்கே நிறுத்தவேண்டும் என்று தெரிந்திருந்தது. குறட்டை பதில் சொல்லும் இடத்தில் ஜூரிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நீதிபதி கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். நான் பென்ட்டைப் பார்த்தேன். அந்த ஓரிடத்தில் அவரும் சிரித்துவிட்டார்.

"இதுல எது நிஜம், மிஸ்டர் டிப்பிங்?"

"அவர் தூங்கினது நிஜம்."

"இருபத்தொரு மணி நேரம்னீங்களே, அது இதுல எங்க இருக்கு?"

"எழுதியிருந்தேன். அச்சுக்குப் போறதுக்கு முன்னால அடிச்சுட்டேன்."

"ஏன்?"

டிப்பிங் கூண்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "அதுல சிரிப்பு வரல."

அன்று எழுந்த சிரிப்புகளில் அதுதான் பெரியது. அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாய்க்கும் சிரித்தார்கள்.

நான் பென்ட்டின் வக்கீலுடைய அங்கியை இழுத்தேன். "அவர் அடிச்சதை நான் பார்த்தேங்க. என்னைக் கூப்பிடுங்க."

"அதே பத்திரிகையிலேர்ந்து இன்னொருத்தரா? ஒரு கோமாளியே போதும். உக்காருங்க."

உட்கார்ந்துவிட்டேன்.

ஜூரிகளுக்குக் கால் மணி நேரம் போதுமாயிருந்தது. பதினெட்டு மாதக் கடுங்காவல்.

நடந்ததையெல்லாம் ஒரு கேலிச் சொல் இல்லாமல் எழுதி டிப்பிங் ஆசிரியரிடம் கொண்டுபோனார். "இதை முன்பக்கத்துல போடுங்க."

"உங்க பேர் இருந்தா பின்பக்கம்தான்," என்றார் ஆசிரியர். "பேர் இல்லேன்னா யார் படிப்பாங்க, சொல்லுங்க?"

டிப்பிங் சம்மதித்தார். பெரிய மூக்குக்கும் சின்னத் தொப்பிக்கும் கீழே கட்டுரை வெளியானது. ஒரு கூடை நிறையக் கடிதங்கள் வந்தன. முகத்தில் புன்னகையே இல்லாமல் இப்படிச் சிரிக்க வைக்க இங்கிலாந்தில் வேறு ஆள் கிடையாது என்று ஒரு பாதிரியார் எழுதியிருந்தார். டிப்பிங் அதைப் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

இரண்டு வருடம் கழித்து, ஒரு வியாழக்கிழமை மதியம், நாங்கள் இருவரும் காவென்ட் கார்டன் சந்தை வழியாகப் போனோம். முட்டைக்கோஸ் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒருவர் எங்கள் எதிரே வந்து தொப்பியைக் கழற்றினார். பென்ட்.

"டிப்பிங் ஐயாதானே?"

"பென்ட், நான் உங்களுக்குப் பெரிய பாவம் பண்ணிட்டேன்," என்றார் டிப்பிங்.

பென்ட்டின் உதடு லேசாக விரிந்தது. அடுத்து ஏதோ வேடிக்கை வரப்போகிறது என்று காத்திருந்தார். வரவில்லை என்றதும் அவரே பேசினார்.

"அந்தக் குறட்டை நல்லாத்தான்யா இருந்துச்சு. ஜெயில்ல காவக்காரன் அந்தாண்ட போனா, கூட இருந்தவனுங்க அந்தக் கதையைச் சொல்லச் சொல்லிக் கேப்பானுங்க."

"சொன்னீங்களா?"

"சொல்லுவேன். இருபத்தொரு மணி நேரத்தையும் சேத்துத்தான் சொல்லுவேன். அந்த எடத்துல ஒருத்தனும் சிரிச்சதில்லய்யா."

கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு அவர் கூட்டத்துக்குள் போனார். பின்பக்கம் நான்கு மணிக்குள் அச்சுக்குப் போகவேண்டும். டிப்பிங் அலுவலகத்துக்கு வந்து, மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, குடைகளைப் பற்றி ஒன்றரைப் பத்தி எழுதிக் கொடுத்தார். நான் பிழை திருத்தினேன். நன்றாகத்தான் இருந்தது.